கோட்டையில் ஏது பஸ்?

அத்தியாயம் 14

அன்புக்கரசியின் வாயைப் பற்றி இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி: திண்டுக்கல் கடைவீதியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் நின்று, கைக்குட்டை வாங்க வந்தவர்களைக் கல்யாணப் புடவையோடு அனுப்பி வைக்கிற வாய் அது.

அந்த வாய்க்காரிக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் அறிவுச்செல்வி ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனிஸ்ட். அங்கே வருகிறவர்களிடம் சிரித்துப் பேசியே நல்ல பெயர் வாங்கியவள். இளையவள் தமிழ்மதி பிளஸ் ஒன் படிக்கிறாள். வீட்டுக்குள் அக்காவிடம் குசுகுசுவென்று பேசுவாள். வாசல் தாண்டினால் பேச்சு நின்றுவிடும். கொரோனா வந்தபோது சின்னப் பிள்ளை, செல்போனில் படித்தாள். பள்ளிக்கூடம் திறந்தது, அவள் வாய் திறக்கவில்லை. யார் என்ன கேட்டாலும் தரையைப் பார்ப்பாள். அதற்குள் அம்மா பதில் சொல்லி முடித்திருப்பாள்.

அறிவுச்செல்விக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளைக்குக் குஜிலியம்பாறைப் பக்கம். முகூர்த்தத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை. மண்டபம் பேசியாகிவிட்டது, சமையலுக்குச் சொல்லியாகிவிட்டது. ஒன்றுதான் பாக்கி. பெண்ணின் தாய்மாமன்.

அகரத்தில் பூவும் சின்ன வெங்காயமும் போடுகிற தங்கமுத்து, அன்புக்கரசியின் ஒரே அண்ணன். நிச்சயத்துக்கு வரவில்லை. கல்யாணத்துக்கு வருவாரா என்றும் தெரியவில்லை. அவர்கள் வழக்கத்தில் தாய்மாமன் கையைப் பிடித்துக்கொண்டுதான் பெண் மணவறைக்கு வர வேண்டும். அந்தக் கை இல்லாவிட்டால் ஊர் வாய் சும்மா இருக்காது. ஊரை விடுங்கள், அன்புக்கரசிக்கே மனசு ஆறாது. அப்பா போன பிறகு, தன் கல்யாணத்தைக்கூடத் தள்ளி வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொடுத்தவர் அந்த அண்ணன்.

கோபத்துக்குக் காரணம் என்னவென்று அன்புக்கரசிக்குத் தெரியும். தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கடையில் தள்ளுபடி விற்பனை நேரம், லீவு கிடைக்கவில்லை. நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல், நிச்சயத் தேதியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். கூடப்பிறந்தவனைச் செல்போனில் அழைத்தால் எவனுக்குத்தான் கோபம் வராது?

பிறகு போய்ப் போய் மன்னிப்புக் கேட்டாள். போகும்போதெல்லாம் அண்ணன் சொன்னது ஒன்றுதான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. விடு."

காப்பி கொடுப்பார். பேருந்து ஏற்றிவிடுவார். "கல்யாணத்துக்கு வாரேன்" என்று மட்டும் சொல்ல மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அன்புக்கரசி தாம்பூலத் தட்டுக்கு வேண்டியதையெல்லாம் பைக்குள் அடுக்கினாள். மத்தியானம் வரை தமிழ்மதிக்கு விளையாட்டு வகுப்பு. அதை முடித்துக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு நேராக அகரம் போவது, இந்தத் தடவை அண்ணன் காலிலேயே விழுந்துவிடுவது என்று திட்டம்.

"விழு, விழு. எந்திரிக்க முடியாம இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திராத," என்றார் அவள் கணவர் மதியழகன். மின்வாரியத்தில் இரவு டியூட்டி பார்த்துவிட்டு வந்தவர், பாய் விரித்தபடியே அடுத்த குறையையும் சொன்னார். "அந்தப் பகடை கிளாஸ் இன்னமும் நடக்குதா? பகடை உருட்டுன வீடு எங்கயாச்சும் உருப்பட்டிருக்கா?"

"டாக்டரே எழுதிக் குடுத்தது. பேசாமப் படுங்க."

பகடை வகுப்பு என்று அவர் சொன்னது, பேகம்பூர்ப் பக்கம் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் கமர்ஜஹான் நடத்துகிற வகுப்பு. மனநல ஆலோசனை படித்தவள், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். டேபிள்டாப் ரோல் பிளேயிங் கேம் என்று பெயராம். பெயர்தான் வாயில் நுழையாது, விஷயம் எளிது. மேஜையைச் சுற்றிப் பிள்ளைகள் உட்காருவார்கள். கமர்ஜஹான் ஒரு கதையைத் தொடங்குவாள். ஒவ்வொரு பிள்ளையும் அந்தக் கதையில் ஒரு ஆள். அந்த ஆளாகவே பேச வேண்டும், அந்த ஆளாகவே முடிவெடுக்க வேண்டும். எடுத்த காரியம் பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். கதை எங்கே போகும் என்று சொல்கிறவளுக்கே தெரியாது.

பேசப் பயப்படுகிற பிள்ளைகள், பேச்சை நிறுத்தத் தெரியாத பிள்ளைகள், எதிராளி முகத்தைப் பார்க்கவே கூசுகிற பிள்ளைகள் என்று ஐந்து பேர் வந்தார்கள். தமிழ்மதிக்கு அந்தக் கதையில் செவந்தி என்று பெயர். கோட்டை வாசல் காவல்காரி. வந்த புதிதில் செவந்திக்காகத் தலையாட்டுவாள். அப்புறம் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. போன மாதம் ஒரு முழு வாக்கியம் வந்தது. அன்றைக்கு அன்புக்கரசி கடையில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தாள்.

அந்த அறையில் இரண்டு சட்டங்கள். ஒருத்தருடைய ஆளுக்காக இன்னொருத்தர் பேசக் கூடாது. மீறினால் எல்லோருக்கும் டீ வாங்கி வர வேண்டும். இரண்டாவது சட்டம் கூழாங்கல். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கல் இருக்கும். அதை நகர்த்தி முன்னால் வைத்தால், 'நான் இன்னும் முடிக்கவில்லை, பொறுங்கள்' என்று அர்த்தம். கல் இருக்கிற வரைக்கும் வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அன்புக்கரசி பின் பெஞ்சில்தான் உட்காருவாள். இருந்தும் இதுவரைக்கும் அதிக டீ வாங்கியவள் அவள்தான்.

அன்றைக்கும் கதை தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே மாட்டிக்கொண்டாள்.

போன வாரக் கதையில் பக்கத்து நாட்டு ராஜா கோட்டை வாசலுக்கு வந்திருக்கிறார். காவல்காரி செவந்தி ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்திவிட்டாள். ராஜா கோபித்துக்கொண்டு போய்விட்டார். இந்த வாரம் கோட்டையில் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஆறு இருப்பது அந்த ராஜாவின் நாட்டில். ஐந்து பேரும் அவர் வாசலில் போய் நிற்கிறார்கள்.

கமர்ஜஹான் தோளை நிமிர்த்தி, ராஜாவாகவே மாறிக் கேட்டாள். "செவந்தி, நான் உன் வாசலுக்கு வந்தேன். வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னியா? வந்தவன் மூஞ்சியில கதவைச் சாத்துன ஊருக்கு நான் ஏன் தண்ணி விடணும்?"

தமிழ்மதி கல்லை நகர்த்தி முன்னால் வைத்தாள். அறை அமைதியாக இருந்தது. அமைதி என்பது அன்புக்கரசிக்கு உடம்புக்கு ஆகாத பொருள்.

"தெரியாமச் செஞ்சுட்டேன் ராசான்னு சொல்லுடி!"

ஐந்து தலைகளும் திரும்பின. கமர்ஜஹான் ராஜாவாக இருந்தபடியே கையை வாசல் பக்கம் நீட்டினாள்.

"சரி, சரி, போறேன்," என்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு அன்புக்கரசி படியிறங்கினாள்.

டீக்கடையில் கூட்டம். நின்று வாங்கிக்கொண்டு, ஒரு பொட்டலம் பஜ்ஜியும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது மாடிப்படியில் ஒரு குரல் கேட்டது. மெல்லிய குரல், அங்கங்கே தடுக்கி விழுந்து எழுந்து வந்தது. யாரோ புதுப்பிள்ளை என்று நினைத்தாள். இரண்டு படி ஏறிய பிறகுதான் அது தன் மகள் என்று புரிந்தது.

"...கதவைச் சாத்தணும்னு சாத்தல. வாங்கன்னு சொல்லத்தான் வந்தேன். வாயில வரல. கையி நடுங்கிச்சு. நடுங்குன கையி கதவைத் தள்ளிருச்சு. உள்ள நின்னு வாங்க, வாங்கன்னு சொல்லிப் பாத்தேன். உள்ள நல்லா வந்துச்சு. மறுபடி கதவைத் தொறந்தா அவரு இல்ல. கேட்டுல வெங்காயப் பைய மாட்டிட்டுப் போயிட்டாரு. செருப்பு போடாம ஓடுனேன். அதுக்குள்ள பஸ்ஸு கெளம்பிருச்சு."

நர்கீஸ் என்ற பெண் சிரித்துவிட்டாள். வாய் ஓயாத பிள்ளை என்று அந்த வகுப்பில் சேர்க்கப்பட்டவள் அவள். "ஏய் செவந்தி, கோட்டையில ஏதுடி பஸ்ஸு? ராசா டவுன் பஸ்லயா வந்தாரு?"

மற்றவர்களும் சிரித்தார்கள். தமிழ்மதி சிரிக்கவில்லை. நர்கீஸின் சிரிப்பும் பாதியில் நின்றது. தோளை நிமிர்த்தி உட்கார்ந்திருந்த கமர்ஜஹான் தோளைத் தளர்த்திக்கொண்டாள். ராஜா அறையை விட்டுப் போய்விட்டார்.

"தமிழு, இது செவந்திக்கு நடந்ததா, உனக்கு நடந்ததா?"

"எனக்கு," என்றாள் தமிழ்மதி. "வந்தது எங்க மாமா."

படியில் நின்ற அன்புக்கரசிக்கு அப்போதுதான் உறைத்தது.

வெங்காயப் பை! நிச்சயத்துக்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம் அவள் கடையிலிருந்து வந்தபோது கேட்டில் ஒரு பை தொங்கியது. உருண்டை உருண்டையாக, மண் வாசனை போகாத சின்ன வெங்காயம். எதிர்வீட்டு அக்கா ஊருக்குப் போய் வந்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு வாரம் வெங்காய சாம்பார்தான் வைத்தாள். மதியழகன்கூட ருசியாக இருக்கிறது என்றார். அண்ணன் வீட்டு வெங்காயத்தைத் தின்றுகொண்டே அண்ணன் ஏன் வரவில்லை என்று அழுதிருக்கிறாள்!

அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் கோபமே இல்லை. செய்தியைப் பார்த்ததும் தங்கைக்கு அகரம் வரை வரத் தோதுப்படவில்லை போலிருக்கிறது என்று அவரே கிளம்பி வந்திருக்கிறார். வந்தவரை வாசலில் நிறுத்தி, வாங்க என்று சொல்லாமல், வயசுக்கு வந்த பெண் கதவைச் சாத்தியிருக்கிறாள். எதிரி வந்தாலும் வாங்க என்று சொல்லிவிட்டுத்தான் சண்டை பிடிக்கிற ஊர் இது. உள்ளே தங்கை இருந்துகொண்டு பிள்ளையை விட்டுச் சாத்தச் சொல்லியிருக்கிறாள் என்று நினைக்காமல் அவர் வேறு என்ன நினைப்பார்? அதை வாய்விட்டுச் சொல்வதும் அவருக்குக் கேவலம். அதனால் "ஒண்ணுமில்ல, விடு".

அன்புக்கரசி உள்ளே போனாள். பிளாஸ்க்கை மேஜையில் வைத்தாள்.

"ஏண்டி, இம்புட்டு நாளு இதை எங்கிட்ட ஏன் சொல்லல?"

தமிழ்மதி கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சொல்ல வந்தேம்மா. வர்றப்பெல்லாம் நீ பேசிக்கிட்டிருந்த. அப்புறம் எல்லாரும் வாட்ஸ்அப்புதான்னு முடிவு பண்ணிட்டீங்க."

நல்ல வார்த்தை நாலு சொல்லி யாரையும் மடக்குகிற அன்புக்கரசி பிளாஸ்க்கின் மூடியைத் திருகினாள், திருப்பித் திருகினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதுவும் ஒரு நிமிஷம்தான். மறு நிமிஷமே முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"சரி, விஷயம் தெரிஞ்சுபோச்சுல்ல? இனி நான் பாத்துக்கிறேன். ஒரு மணி நேரத்துல அண்ணனைச் சரிக்கட்டிட்டு வாரேன். நீ இங்கேயே..."

"அன்புக்கா," என்றாள் கமர்ஜஹான். "நீங்க இன்னும் ஒரு டீ வாங்க வேண்டியிருக்கும்."

அன்புக்கரசி நிறுத்தினாள்.

"போறதா வேணாமா, யாரு பேசுறதுன்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேப்போமா? எனக்கே பயமாத்தான் இருக்கு. இன்னைக்கே செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அவகிட்டக் கேக்காம செய்யாதீங்க."

எல்லோரும் தமிழ்மதியைப் பார்த்தார்கள். அவள் பெருவிரலால் தரையைத் தேய்த்தாள். நெடுநேரம் தேய்த்தாள். அன்புக்கரசி ஒரு பஜ்ஜியை எடுத்து வாயில் திணித்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த ஒரே பூட்டு அதுதான்.

"நான் பேசுறேன்," என்றாள் தமிழ்மதி. "நீ வா. ஆனா நீ பேசக் கூடாது."

அவ்வளவுதான், நர்கீஸ் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். "நான்தான் மாமா! கோவமா இருப்பேன், கத்துவேன். நீ பேசிப் பழகு." மீசையை முறுக்குவது போல் முறுக்கி, "எவ அவ? என் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறது?" என்று அவள் போட்ட சத்தத்தில் கீழே சைக்கிள் கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்தார். தமிழ்மதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க மாமா இப்படிக் கத்த மாட்டாரு. பேசாம இருப்பாரு. அதான் கஷ்டம்," என்றாள். உடனே நர்கீஸ் உட்கார்ந்து பேசாமல் இருந்து காட்டினாள். அவளுக்கு அதுதான் பெரிய சாதனை. அந்தப் பேசாத மாமாவிடம் தமிழ்மதி திக்கித் திக்கி மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள்.

"பகடை எடுத்துட்டுப் போறியா?" என்று கேட்டான் சிவபிரகாஷ். யார் முகத்தையும் பார்க்கக் கூசுகிறவன், மேஜையைப் பார்த்தே கேட்டான்.

"வேணாம். அதுக்கு வேற மாமா தனியா கோவப்படுவாரு."

கூழாங்கல்லை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

தாடிக்கொம்பு தாண்டி அகரத்தில் இறங்கும்போது வெயில் கொளுத்தியது. தங்கமுத்து வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் வெங்காயத்தைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். தோட்டத்துப் பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தங்கையைப் பார்த்ததும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பின்னால் நின்ற தமிழ்மதியைப் பார்த்ததும் கை ஒரு கணம் நின்றது.

"வா அன்பு," என்று அவர் மனைவி பொன்னழகுதான் வெளியே வந்தாள். "வா தமிழு. வெயில்ல வந்திருக்கீகளே, ஒக்காருங்க, தண்ணி கொண்டாறேன்."

"அண்ணே," என்றாள் அன்புக்கரசி. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

தங்கமுத்து நிமிர்ந்து பார்த்தார். தங்கை ஒரு வார்த்தையோடு நிறுத்தியதை, அவள் பிறந்ததிலிருந்து அவர் பார்த்ததில்லை. உடம்புக்கு ஏதும் சரியில்லையோ என்று நினைத்திருப்பார்.

தமிழ்மதி முன்னால் வந்தாள். கையிலிருந்த கூழாங்கல்லை அவருக்கு முன்னால் கவிழ்ந்திருந்த கூடையின் மேல் வைத்தாள்.

"மாமா."

அவர் கல்லைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "என்னது இது?"

பதில் இல்லை. மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது. தமிழ்மதியின் உதடு பிரிந்தது, மூடியது. பொன்னழகு தண்ணீர்ச் செம்போடு வாசலில் நின்றுவிட்டாள். அன்புக்கரசியின் தொண்டைக்குள் முழுக் கதையும், முன்னுரை முடிவுரையோடு, தயாராக நின்றது. இரண்டே நிமிஷத்தில் சொல்லி முடித்துவிடுவாள். அண்ணன் அழுதே விடுவார். தாம்பூலப் பையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பட்டுப் பிரிவில் பத்து வருஷம் நின்று பேசியதைவிட அந்தக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றதுதான் அவளுக்குக் கடினமாக இருந்தது.

"அன்னைக்கு," என்றாள் தமிழ்மதி. "அன்னைக்கு கதவைச் சாத்துனது நான். அம்மா வீட்டுல இல்ல. அப்பாவும் இல்ல. அக்கா வேலைக்குப் போயிருந்துச்சு. நான் மட்டுந்தான். வாங்கன்னு சொல்லத்தான் வந்தேன் மாமா. எனக்கு வாய் வரல. வெளியாளுக முன்னால எனக்கு வராது. நீங்க வெளியாளு இல்ல. ஆனாலும் வரல. அப்புறம் ஓடி வந்தேன். பஸ்ஸு போயிருச்சு. அம்மாவுக்கு இது இன்னைக்குத்தான் தெரியும்."

தங்கமுத்து வெங்காயத்தைக் கீழே போட்டார். ஆனால் அவர் பார்த்தது தமிழ்மதியை அல்ல, தங்கையை.

"நல்லாருக்கு," என்றார். "பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்துட்டியாக்கும். நீ பேசி எடுபடலன்னு இப்ப இவளையா?"

அன்புக்கரசிக்குப் பொறுக்கவில்லை. எந்தப் பிள்ளை ஒரு வார்த்தை பேசிவிடாதா என்று கோயில் கோயிலாக வேண்டியிருந்தாளோ, அந்தப் பிள்ளை பத்து வாக்கியம் பேசியிருக்கிறாள். அதைப் போய்ச் சொல்லிக்கொடுத்தது என்கிறார்! வாயைத் திறந்தாள். தமிழ்மதி திரும்பிப் பார்த்தாள். அன்புக்கரசி வாயை மூடிக்கொண்டாள். கண்ணிலிருந்து மட்டும் கொட்டியது.

"மாமா," என்றாள் தமிழ்மதி. "அம்மா சொல்லிக் குடுத்திருந்தா இப்படித் திக்கித் திக்கியா வரும்? தண்ணியா வந்திருக்காதா?"

முதலில் சிரித்தது பொன்னழகு. செம்பிலிருந்த தண்ணீர் தளும்பிக் கொட்டுகிற அளவுக்குச் சிரித்தாள். "அதானே! அன்பு சொல்லிக் குடுத்திருந்தா நடுவுல நாலு சேலை விலையும் வந்திருக்குமே!"

தங்கமுத்துவின் மீசை துடித்தது. அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. அவர் சிரிப்பு எப்போதும் சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்குகிற சிரிப்பு. தோள் குலுங்கியது, குலுங்கிக்கொண்டே இருந்தது. பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், அதிக நேரம் துடைத்தார்.

"இங்க வா தாயி," என்றார்.

தமிழ்மதி பக்கத்தில் போனாள். மண் ஒட்டிய கையை வேட்டியில் துடைத்துவிட்டு அவள் தலையில் வைத்தார்.

"நானும் ஒரு கிறுக்கன். பிள்ளை முழிக்கிற முழியப் பாத்து, என்னம்மான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? செத்த நேரம் நின்னிருக்கலாம்ல? மாமங்காரன்னு மொறைக்குத்தான் வந்தேன். உன்னையப் பாக்கவே இல்ல."

"கல்யாணத்துக்கு வருவீங்களா மாமா?"

"வாரேன்."

அந்த ஒற்றை வார்த்தைக்காகத்தான் அன்புக்கரசி இத்தனை நாளும் அகரத்துக்கு நடையாய் நடந்தாள். அப்படியே கொட்டகைத் தரையில் உட்கார்ந்து, வெங்காயத் தொலிக்கு நடுவில் வாய்விட்டு அழுதாள்.

"இன்னும் ஏம்மா அழுகுற? வாரேன்னு சொல்லிட்டேன்ல," என்றார் தங்கமுத்து. "நான் கையைப் பிடிச்சுக் கூட்டியாராம அறிவு எப்படி மணவறைக்கு வருவா?"

"இவுக கோவத்தை நம்பாத அன்பு," என்றாள் பொன்னழகு. "பொண்ணுக்குப் பட்டுச்சேலை எடுத்து பீரோல வச்சு ஒரு மாசமாச்சு. தெனமும் ஒரு தடவை தொறந்து பாக்குறது, மூடுறது."

அழுகை சட்டென்று நின்றது. அன்புக்கரசி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையை நிமிர்த்தினாள். "சேலையா? எந்தக் கடையில எடுத்தீக?"

தங்கமுத்து வெங்காயத்தைப் பார்த்தார். "அது... கரூர்ல."

"கரூர்லயா! நான் இங்க பட்டு செக்ஷன்ல நிக்கேன், நீங்க கரூர்ல போய்..."

"உன் கடைக்கு வந்தா நீ இருப்பியே," என்றார் அண்ணன். மறுபடி எல்லோரும் சிரித்தார்கள்.

சாப்பிடாமல் விடவில்லை. குழம்பும் இரண்டு வெஞ்சனமும் வைத்துப் போட்டு, ஒரு பை வெங்காயமும் கொடுத்துத்தான் பேருந்து ஏற்றினார்கள். தாம்பூலத் தட்டை அண்ணனும் அண்ணியும் ஒன்றாக நின்று வாங்கிக்கொண்டார்கள். அன்புக்கரசிக்கு உடம்பு இறகாகப் பறந்தது.

பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. தமிழ்மதி பேசிக்கொண்டு வந்தாள். மாமாவின் மீசையைப் பற்றி, நர்கீஸைப் பற்றி, அடுத்த வாரம் செவந்தி ராஜாவிடம் என்ன கேட்கப் போகிறாள் என்பதைப் பற்றி. முன் சீட்டில் ஆள் இருந்தார்கள். குரல் சின்னதுதான். ஆனாலும் பேசினாள். அன்புக்கரசி குறுக்கே போகவில்லை. இப்படி ஒரு சுகம் இருக்கிறது என்று அவளுக்கு இதுவரை தெரியாது. பெற்ற பிள்ளை பேசக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற சுகம்.

திண்டுக்கல் மலைக்கோட்டை கண்ணில் பட்டபோது தமிழ்மதி கொஞ்சம் நிறுத்தினாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லவா?"

"சொல்லு தங்கம்."

"அக்காவும் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நிக்குதும்மா. ராத்திரி ராத்திரி எங்கிட்ட அழுகுது. நீ இடம் குடுத்தாத்தானே."

"அக்காவா? அவளுக்கென்ன? அவதான் நல்லாப் பேசுவாளே!"

"எல்லார்கிட்டயும் பேசும். அதை மட்டும் பேசாது."

"என்னது அது? மாப்பிள்ளை வீட்டுலயா? வேலையைப் பத்தியா? சொல்லுடி!"

"அக்காவுக்குப் பதிலா நான் பேசக் கூடாதும்மா. அதான் சட்டம்," என்றாள் தமிழ்மதி. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அறிவுச்செல்வி அடுப்படியில் இருந்தாள். காஸை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். "மாமா வர்றாராம்மா?"

"வாரார்."

"ஐயோ, என் தங்கமே!" என்று தங்கையைக் கட்டிக்கொண்டாள். தலையைத் தடவிக் கொடுத்தாள். சிரித்தாள். நல்ல சிரிப்பு, ஸ்கேன் சென்டரில் எல்லோருக்கும் பிடித்த சிரிப்பு. அன்புக்கரசி அன்றைக்குத்தான் மகளின் கண்ணை உற்றுப் பார்த்தாள். இமை தடித்திருந்தது. கல்யாணப் பெண்ணுக்கு அலைச்சல் என்று இத்தனை நாளும் எல்லோரிடமும் சொல்லி வந்தவள் அவள்தான்.

தமிழ்மதி வெங்காயப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்புக்கரசி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் இன்னொன்றை இழுத்துப் போட்டாள்.

"ஒக்காரு அறிவு. எங்கிட்ட என்ன சொல்லணும்னு இருந்த?"

அறிவுச்செல்வியின் சிரிப்பு அப்படியே நின்றது. "ஒண்ணுமில்லம்மா. என்ன திடீர்னு..."

வழக்கமாக இந்த இடத்தில் அன்புக்கரசி புகுந்துவிடுவாள். ஒண்ணுமில்லைன்னா சரி என்று மண்டபத்துக்கோ மருதாணிக்கோ தாவிவிடுவாள். அன்றைக்குத் தாவவில்லை. மகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலே மின்விசிறி சுற்றியது. தெருவில் யாரோ வண்டியை உதைத்தார்கள், கிளம்பவில்லை, மறுபடி உதைத்தார்கள், கிளம்பிப் போனார்கள். அம்மா எப்போது ஆரம்பிப்பாள் என்று அறிவுச்செல்வி காத்துக்கொண்டிருந்தாள். அம்மா ஆரம்பிக்கவேயில்லை.

அறிவுச்செல்வி மெதுவாக வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் அப்பாவைக் கூப்பிடக் கூடாது," என்று ஆரம்பித்தாள்.

(தொடரும்)